கடல் இருந்த இடம்

பாலைக்குத் தனியே நிலம் இல்லை என்று இருபது ஆண்டுகளாக வகுப்பில் சொல்லி வருகிறோம். தொல்காப்பியம் நான்கு நிலங்களையே பெயர் சொல்லிப் பகுக்கிறது. முல்லையும் குறிஞ்சியும் வேனிலின் வெம்மையில் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்பது சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதை தரும் விளக்கம். இதைக் கரும்பலகையில் எழுதி, அடிக்கோடிட்டு, தேர்வில் கட்டாயம் வரும் என்று எச்சரித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம். ‘திரிந்து’ என்ற சொல்லில் ஒருநாளும் நின்றதில்லை. ஒரு நிலம் எப்படித் திரியும்? எத்தனை காலத்தில்? திரிந்த பின் பழையது ஏதேனும் அதில் மிஞ்சுமா? மாணவர் எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எங்களிடம் விடை இருந்திருக்காது.

நாங்கள் கணவனும் மனைவியுமாகத் தமிழ் கற்பிப்பவர்கள். எங்கள் கல்லூரியிலேயே நிலவியல் கற்பித்து ஓய்வு பெற்ற மூத்த நண்பர் ஒருவர் உண்டு. ஆண்டுதோறும் தை, மாசி மாதங்களில் மாணவர்களை அழைத்துக்கொண்டு பெரம்பலூர் மாவட்டத்தின் காரை என்ற சிற்றூருக்குப் போவார். அங்கே மழைநீர் அரித்த செம்மண் பள்ளங்களில், ஏறத்தாழ பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்த உயிர்களின் எச்சங்கள் கிடைக்கின்றன. “தம்பி, பேருந்தில் இரண்டு இடம் இருக்கிறது. அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், கடலடியில் நடந்துவிட்டு வரலாம்” என்பார். திருச்சியிலிருந்து ஒரு மணி நேரப் பயணம்தான். பதினைந்து ஆண்டுகள் அழைத்தார். பதினைந்து ஆண்டுகளும் நாங்கள் போகவில்லை. விடைத்தாள் திருத்தம், உறவினர் திருமணம், மகளின் தேர்வு என்று சொல்வதற்குக் காரணங்கள் இருந்தன. சொல்லாத காரணம் ஒன்றுதான்: அங்கே என்ன இருக்கிறது, வெறும் மண்தானே.

2021இல் அவருக்குப் பக்கவாதம் வந்தது. உயிர் தப்பினார், பேச்சும் மெல்லத் திரும்பியது. இடக்காலை இழுத்து இழுத்து, தடி ஊன்றி வீட்டு வாசல் வரை வருவார். காரைப் பயணங்கள் அத்தோடு நின்றன.

எங்கள் அண்ணன் மகன் அல்மாட்டியில் மருத்துவம் படிக்கிறான். 2022 முதல் இந்தியர்கள் பதினான்கு நாள் வரை விசா இல்லாமல் கஜகஸ்தானில் தங்கலாம் என்றானதால், 2024 மே மாதம் அவனைப் பார்த்து வரப் புறப்பட்டோம். விடைபெறப் போனபோது நண்பர் நெடுநேரம் யோசித்தார். “அவ்வளவு தூரம் போகிறீர்கள். மாங்கிஸ்தாவுக்கும் போய் வாருங்கள். காரைக்குத்தான் வரவில்லை” என்றார். குற்றம் சாட்டும் தொனி இல்லை. அதனால்தான் மறுக்க முடியாமல் போயிற்று. மறுநாள், விடைத்தாளில் மிஞ்சிய கோடிட்ட தாள்கள் நான்கில், நடுங்கும் கையெழுத்தில் குறிப்புகள் எழுதிக் கொடுத்தார். முதல் குறிப்பு: எதைப் படம் எடுத்தாலும் அளவு தெரியப் பக்கத்தில் ஒரு நாணயம் வைக்கவும். இரண்டாவது: கல் எதையும் எடுத்து வர வேண்டாம். மூன்றாவது: எதைப் போல இருக்கிறது என்று பார்க்காதீர்கள், எப்படி ஆனது என்று பாருங்கள். மூன்றாவது எங்கள் தொழிலை அறிந்து எழுதப்பட்டது.

அல்மாட்டியிலிருந்து மேற்கே மூன்று மணி நேரம் பறந்தால் காஸ்பியன் கரையில் அக்தாவ் நகரம். பெயருக்கு வெண்மலை என்று பொருள். மாங்கிஸ்தாவ் மாகாணத்தின் தலைநகர் அதுவே. மாகாணத்தின் பரப்பு 1,65,000 சதுர கிலோமீட்டருக்கு மேல், தமிழ்நாட்டைவிடப் பெரிது. மக்கள்தொகையோ 8 லட்சம் அளவில்தான். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூடக் கிடையாது. சோவியத் காலத்தில் யுரேனியத்துக்காகவும் எண்ணெய்க்காகவும் எழுப்பப்பட்ட நகரம் இது. 1973இல் இயங்கத் தொடங்கிய அதிவேக ஈனுலை ஒன்று இங்கே மின்சாரத்தோடு, கடல்நீரைக் காய்ச்சிக் குடிநீரும் தந்தது. 1999இல் அதை மூடினார்கள். 1985 முதல் இயங்கும் சோதனை ஈனுலையைக் கல்பாக்கத்தில் வைத்திருக்கும் நமக்கு அந்தப் பெயர் அந்நியமானதல்ல. தெருக்களுக்குப் பெயரில்லை, குடியிருப்புப் பகுதிக்கு ஓர் எண், கட்டடத்துக்கு ஓர் எண், வீட்டுக்கு ஓர் எண், அவ்வளவே முகவரி. பெயரில்லாத தெருக்களில் நடந்தபோது, பெயர் சொல்லியே பழகிய எங்களுக்கு ஏதோ கைவிட்டுப் போனது போல இருந்தது.

1964 முதல் 1991 வரை இந்த நகரத்துக்கு ஷெவ்சென்கோ என்றுதான் பெயர். உக்ரைனியக் கவி தராஸ் ஷெவ்சென்கோ 1847இல் சாதாரணப் படைவீரனாக நாடு கடத்தப்பட்டார். எழுதவும் வரையவும் கூடாது என்று ஜார் முதலாம் நிக்கலாய் தம் கைப்படத் தடை விதித்தார். 1850 முதல் 1857 வரை, இக்கரையின் வடக்கேயுள்ள கோட்டை ஒன்றில் அவர் கிடந்தார். 1851இல் நிலக்கரி தேடிப் போன குழுவோடு காராத்தாவ் மலைப்பகுதிக்குச் சென்றபோது, தடையையும் மீறி இந்த மலைகளையும் பள்ளத்தாக்குகளையும் ஏராளமாக வரைந்தார். விலங்கிட்டு அனுப்பப்பட்டவர் இந்த நிலத்தை அவ்வளவு உற்றுப் பார்த்திருக்கிறார். தடை ஏதுமற்ற நாங்கள் ஒரு மணி நேரத் தொலைவை பதினைந்து ஆண்டுகளாகக் கடக்கவில்லை.

இரண்டாம் நாள் தோரிஷ் போனோம். எங்களை அழைத்துச் சென்ற ஓட்டுநர் ஐம்பது வயதுக்காரர். கஜாக்கும் ரஷ்யமும் பேசுபவர். எங்களுக்கு இரண்டும் தெரியாது. கைப்பேசியின் மொழிபெயர்ப்பே பாலம். வலையிணைப்பு இல்லாத இடத்திலும் இயங்கும்படி அதை அவர் முன்கூட்டியே அமைத்து வைத்திருந்தார்.

ஸ்தெப்பி என்றதும் முழங்காலளவு புல் அலையாடும் வெளியை எண்ணியிருந்தோம். இங்கே அது பாலையோடு கலந்து கிடக்கிறது. வசந்தத்தில் சில வாரங்கள் பசுமை; பிறகு சாம்பல் நிறச் சிறு புதர்கள். அவற்றில் மிகுதியானது ஜுசன் என்ற செடி, நம் மாசிப்பச்சையின் இனம். வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்ததும் அதன் கசந்த மணம் வந்து நிறைந்தது. கண் முன்னே, மனித நடமாட்டமற்ற சரிவில், நூற்றுக்கணக்கான கல் உருண்டைகள்.

கைக்குள் அடங்கும் அளவில் சில; ஆளுயரத்துக்கு மேல் சில. பெரும்பாலானவை நேர்த்தியான கோளங்கள். சில நடுவில் பிளந்து, அரைக்கோளங்களாக மல்லாந்து கிடந்தன. நண்பரின் மூன்றாவது குறிப்பு ஐந்தே நிமிடத்தில் காற்றில் போயிற்று. யானைக்கு உருட்டிய கவளம் என்றும், கோட்டை மேலிருந்து உருட்டிவிட்ட குண்டு என்றும், எவரோ விளையாடி விட்டுப்போன பந்து என்றும் மாற்றி மாற்றிச் சொன்னோம். சொல்லச் சொல்ல கல் எங்களைவிட்டு விலகிக்கொண்டே போனதை இருவருமே உணர்ந்தோம். பிறகு தாளை எடுத்து வாசித்தோம்.

கடலடியில் மணலும் சேறும் படிகின்றன. அவற்றுக்கிடையே ஒரு சிப்பியோ, செத்த உயிரின் துண்டோ புதைகிறது. அது மக்கும்போது சுற்றியுள்ள நீரின் வேதியியல் மாறுகிறது. மணல்துகள்களின் இடுக்குகளில் ஊறும் நீரில் கரைந்திருந்த சுண்ணம் அந்தக் கருவைச் சுற்றிப் படிந்து, துகள்களைச் சிமெண்டு போல ஒட்ட வைக்கிறது. எல்லாத் திசையிலிருந்தும் ஒரே அளவில் வந்து சேர்வதால் கோளம் உருவாகிறது. உருண்டு உருண்டு வட்டமானவை அல்ல இவை. இருந்த இடத்திலேயே, இருட்டில் வளர்ந்தவை. பின்னர் கடல் விலகி, நிலம் உயர்ந்து, சுற்றியிருந்த மென்பாறையைக் காற்றும் மழையும் கரைத்துக் கொண்டுபோக, கெட்டிப்பட்டது மட்டும் வெளியே நிற்கிறது.

பிளந்த உருண்டை ஒன்றின் முகத்தில் ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்துப் படம் எடுத்தோம். வெங்காயத்தின் ஏடுகள் போல என்று சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டோம். வளையங்கள் இருந்தன. உள்ளிருந்து வெளியே எண்ணினோம். அதன் பிறகுதான் அது எங்களுக்குக் கல்லாகத் தெரிந்தது.

அந்தப் பகுதியிலேயே ஷெர்கலா என்ற தனிமலை நிற்கிறது. சிங்கக் கோட்டை என்பது பொருள். ஒருபக்கம் பார்த்தால் நாடோடிகளின் கம்பளிக் கூடாரம். மறுபக்கம் படுத்திருக்கும் விலங்கு. உவமை சொல்லாமல் இருப்பது எங்களுக்கு மட்டுமல்ல, எவருக்குமே கடினம் என்று சற்று ஆறுதல் கொண்டோம்.

மூன்றாம் நாள் போஸ்ஜிராவை நோக்கிப் புறப்பட்டோம். அது உஸ்த்யுர்த் பீடபூமியின் மேற்கு விளிம்பில் இருக்கிறது. அந்த விளிம்புக்குச் ‘சிங்க்’ என்று பெயர்; சமதளமாக வந்துகொண்டிருக்கும் நிலம் திடீரென்று அறுந்து, நூறு இருநூறு மீட்டர் கீழே வேறொரு சமதளம் தொடங்குகிறது. சூரியன் மறையும் வேளையில் வெண்பாறைகள் சிவப்பதைப் பார்த்தாக வேண்டும் என்று படித்திருந்தோம். பயணத் திட்டமே அந்த அரை மணி நேரத்தைச் சுற்றி அமைந்திருந்தது. ஆனால் முந்தின இரவு மழை பெய்திருந்தது. இங்கே மழை அபூர்வம். பெய்தால் களிமண் பாதை சோப்பாகிவிடும். பிற்பகல் மூன்று மணிக்கு வண்டி அச்சு வரை புதைந்தது.

ஓட்டுநர் மண்வெட்டி எடுத்து அரை மணி நேரம் தோண்டினார். பிறகு அடுப்பை மூட்டித் தேநீர் வைத்தார். காயும் வரை காத்திருக்க வேண்டும் என்றார். பாதைக்கு வலப்புறம், கைக்கெட்டும் தொலைவில், சக்கரம் படாத நிலம் புல்லும் புதருமாகக் கெட்டியாகக் கிடந்தது. பலகை கொடுத்து வண்டியை அங்கே ஏற்றினால் சுற்றிப் போய்விடலாமே என்று கேட்டோம். மாட்டேன் என்று தலையசைத்தார். நான்கு மணிக்கு மீண்டும் கேட்டோம். கூடுதல் பணம் தருகிறோம் என்றும் சொன்னோம். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

அவர் கோபப்படவில்லை. எங்களை இருபது அடி நடத்திக்கொண்டுபோய், வெளியின் குறுக்கே நேர்கோடாக ஓடும் இரண்டு மங்கிய பள்ளங்களைக் காட்டினார். கைப்பேசியில் பேசி எங்களிடம் நீட்டினார். “நான் பள்ளியில் படித்தபோது எண்ணெய் தேடி வந்த லாரி போட்ட தடம் இது. ஒரே ஒரு முறை போயிற்று. அந்த லாரி இப்போது இல்லை. ஓட்டியவரும் இல்லை.”

நாற்பது ஆண்டுகள். அந்தப் பள்ளங்களில் புதர் முளைக்கவில்லை. இந்தப் பகுதியின் பெரிய எண்ணெய் வயலான ஊஸென் 1961இல் கண்டறியப்பட்டது. அதன்பின் எத்தனையோ சக்கரங்கள் இந்த வெளியில் ஓடியிருக்கும். அள்ளி அள்ளி மழை பெய்யும் ஊரில் நாம் வாழ்கிறோம். தடத்தைப் புல் மூடிவிடும், தவறை மழை கழுவிவிடும். இங்கே நிலம் எதையும் மறப்பதில்லை. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் ஒரு சிப்பி செத்ததைக்கூட உருண்டையாகச் சுருட்டி வைத்திருக்கும் மண் அது.

தேநீர் குடிக்கும்போது அவர் கேட்டார்: “உங்கள் ஊரில் இதுபோல இடங்கள் உண்டா?” இருவரும் ஒருமித்து, இல்லை என்றோம். சொல்லி முடிப்பதற்குள் காரை நினைவுக்கு வந்தது. திருத்திச் சொல்லியிருக்கலாம். பார்க்காத இடத்தைப் பற்றி அடுத்து அவர் கேட்கப்போகும் கேள்விக்கு அஞ்சி, தேநீரை ஊதிக்கொண்டிருந்தோம்.

அந்தி அங்கேயே கழிந்தது. போஸ்ஜிரா சிவப்பதை நாங்கள் பார்க்கவில்லை. இரவு வண்டிக்குள்ளேயே உறங்கி, மண் இறுகிய விடியலில், அதே பழைய பாதையில் ஊர்ந்து விளிம்பை அடைந்தோம்.

வெண்மை. கண் கூசும் வெண்மை. கீழே பரந்த பள்ளத்தில் பிரம்மாண்டமான பாறைச் சுவர்களும், தனித்து நிற்கும் இரண்டு கூர்மையான தூண்களும். பற்கள் என்றே அவற்றை அழைக்கிறார்கள். ஒரு பறவையின் குரல்கூட இல்லை. எங்கள் காதுக்குள் ரத்தம் ஓடும் ஒலி கேட்டது. தாளை எடுத்தோம். மேலே கெட்டியான சுண்ணாம்புக்கல், அடியில் மென்மையான வெண்சுண்ணமும் களிமண்ணும். மேல்மூடி இருக்கும்வரை அடியிலுள்ளது நிற்கும். மூடி உடைந்த இடத்தில் கரைந்துபோகும். தூண்கள் நட்டு வைக்கப்பட்டவை அல்ல. சுற்றிலும் இருந்ததெல்லாம் போன பிறகு மீந்தவை. வெண்சுண்ணம் என்பது, கண்ணுக்குத் தெரியாத கடற்பாசிகளின் நுண்ணிய ஓடுகள் கடலடியில் மழை போலப் பொழிந்து சேர்ந்தது. ஒரு விரற்கடைக்கு எத்தனை ஆயிரம் ஆண்டுகள் என்று எண்ணிப் பார்த்து, எண்ணுவதை நிறுத்திவிட்டோம்.

எடுவர்ட் சூஸ் என்ற நிலவியலாளர் 1893இல் தெத்திஸ் என்று பெயரிட்ட பழங்கடலின் நீர் இந்தப் பக்கங்களில் பரவியிருந்தது. தெற்கிலிருந்து நகர்ந்து வந்து அந்தக் கடலை நெருக்கி மூடியவற்றுள் நம் நிலத்துண்டும் ஒன்று. மோதிய இடத்தில் இமயம் எழுந்தது. வடக்கே ஒதுங்கிய நீர் சுருங்கிச் சுருங்கிக் கருங்கடலும் காஸ்பியனும் ஏரலும் ஆயிற்று. ஏரல் நம் கண்முன்னேயே வற்றியது. காஸ்பியனின் நீர்மட்டமும் 1990களின் நடுவிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கிறது. திரிதல் முடிந்துபோன கதை அல்ல.

விளிம்பை ஒட்டிய சரிவில் ஒரு சுறாப்பல் கிடைத்தது. கட்டைவிரல் நகமளவு, தேன் நிறம், ஓரம் இன்னும் கூர். நாணயம் வைத்துப் படம் எடுத்தோம். பிறகு அது சட்டைப் பைக்குள் போயிற்று. யாருக்காக என்பதில் எங்களுக்குள் ஐயமில்லை: இனி எந்தச் சரிவிலும் இறங்க முடியாத ஒருவருக்காக. இரண்டாவது குறிப்பு இருவருக்கும் நினைவிருந்தது. அன்பு பெரிதா, விதி பெரிதா என்று பட்டிமன்றத் தலைப்பாக்கிப் பேசினோம். ஓட்டுநர் சற்றுத் தள்ளி அமர்ந்து எதுவும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். நேற்றைய லாரிக்காரரும் ஒரே ஒரு முறைதானே போனார் என்பது நினைவுக்கு வந்தது. பல் கிடந்த குழி ஈரம் காயாமல் அப்படியே இருந்தது. அதிலேயே வைத்துவிட்டு வந்தோம்.

கடைசி நாள் பெக்கெத் அத்தாவின் நிலவறைப் பள்ளிவாசல். பதினெட்டாம் நூற்றாண்டில் பிறந்து 1813இல் மறைந்த சூஃபி ஞானி அவர். வழியிலுள்ள ஷோபான் அத்தாவை முதலில் வணங்கிவிட்டே அவரிடம் போக வேண்டும் என்பது மரபு. அத்தா என்றால் தந்தை, பாட்டன். நம் ‘அத்தன்’ நாவில் துள்ளியது. சொல்லாராய்ச்சி வேண்டாம் என்று அடக்கிக்கொண்டோம். மேலே யாத்திரிகர் விடுதியில் யார் வந்தாலும் உணவும் படுக்கையும் இலவசம். எண்ணெயில் பொரித்த பவுர்சாக்கும் பால் விட்ட தேநீரும் தந்தார்கள். எந்த ஊர், எந்த மதம் என்று எவரும் கேட்கவில்லை. நெடும் படிகளில் இறங்கிப் போனால், வெண்பாறையைக் குடைந்து அமைத்த குளிர்ந்த சிறு அறைகள். தொட்டால் விரலில் வெள்ளை ஒட்டியது. கடலின் தளத்தைக் குடைந்து ஒரு மனிதர் தொழுகைக்கு இடம் செய்திருக்கிறார். திரிந்த நிலத்தை வெறும் நிலம் என்று அவர் நினைத்திருந்தால் உளியை எடுத்திருக்க மாட்டார்.

படியேறி மூச்சு வாங்க அமர்ந்தபோது ஓட்டுநரிடம் உண்மையைச் சொன்னோம். எங்கள் ஊருக்குப் பக்கத்திலும் கடல் இருந்த இடம் உண்டு, நாங்கள் போனதில்லை. கைப்பேசி அதைக் கஜாக்கில் சொன்னது. அவர் சற்று நேரம் பேசாமல் இருந்து, பிறகு பதில் சொன்னார். “நான் இங்கேயே பிறந்தவன். பெக்கெத் அத்தாவிடம் முதலில் வந்தபோது எனக்கு வயது முப்பத்தொன்று. அதுவும் ஒரு விருந்தாளியைக் கூட்டிவந்தேன்.”

ஊர் திரும்பி இரண்டு வாரங்களில், ஒரு ஞாயிறு காலை, நண்பரை வாடகைக் காரில் ஏற்றிக்கொண்டு காரைக்குப் போனோம். தேநீர்க் கடையில் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இரவல் வாங்கி, பள்ளத்தின் விளிம்பில் போட்டு அவரை அமர்த்தினோம். எதிரே செம்மஞ்சள் களிமண் முகடுகள், மடிப்பு மடிப்பாக. அது தெத்திஸ் அல்ல, வேறு கடல். கோண்டுவானா பிளந்தபோது கிழக்கே திறந்த கடல் என்று அவர் முதலில் திருத்தினார். பிறகு தடியை நீட்டி வழி சொல்லத் தொடங்கினார். “இடப்பக்க ஓடையில் இறங்குங்கள் தம்பி. பார்த்து, வழுக்கும். அம்மா, உங்கள் காலடியில் பளபளக்கிறதே, அதுதான் ஜிப்சம். இத்தனை வருஷமாகக் கரும்பலகையில் எழுதினீர்களே, அந்தச் சாக்குக்கட்டி பெரும்பாலும் இதுதான்.”

குனிந்து பார்த்தோம். களிமண்ணின் வெடிப்புகளில் கண்ணாடி நரம்புகளாக ஓடிக்கொண்டிருந்தது. ‘திரிந்து’ என்ற சொல்லை இதைக்கொண்டுதான் இத்தனை முறை எழுதியிருக்கிறோம். சற்றுத் தள்ளி, பென்சில் துண்டு போலக் கூரான பழுப்புக் கல் ஒன்று. பெலம்னைட் என்றும், கணவாய் இனத்து உயிரின் உட்கூடு என்றும் மேலிருந்தே சொன்னார். மேலே கொண்டுவந்து அவர் உள்ளங்கையில் வைத்தோம். தம் மாணவர்களுக்கு எத்தனையோ முறை காட்டியதை, முதல் முறை காண்பவர் போல வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நடுங்காத வலக்கையால் எங்களிடம் திருப்பித் தந்தார்.

“எடுத்த இடம் நினைவிருக்கிறதா?” என்று கேட்டார்.

இருந்தது. மீண்டும் இறங்கினோம்.